வெள்ளம் வடிஞ்சப்புறம் சரியுற கரை: பார்த்தவங்க எழுதுங்க

படுகைக்காரன்:
கொள்ளிடத்துல கரை முட்ட ஓடினப்ப ஒண்ணும் ஆகல. மேலே அணையில ஷட்டரை இறக்கி, தண்ணி மளமளன்னு வடிஞ்ச மறுநாள், சுள்ளுன்னு வெயில்ல, கரை மேல வண்டித்தடத்தை ஒட்டி நீளமா ஒரு விரிசல். கை நுழையும். பொழுது சாயறதுக்குள்ள அந்தத் துண்டு மூங்கில் குத்தோட உட்கார்ந்துருச்சு. மூங்கில் ஆத்துப்பக்கம் விழல, கரைப்பக்கம் சாஞ்சு நின்னுச்சு. கணக்குல ஏறினது ஆத்தரிப்புன்னு. பேரிடர் நிவாரண நிதிப் பட்டியல்ல நிலச்சரிவு இருக்கு, ஆத்தரிப்பு இல்ல.

வண்டல்மண்:
கரைப்பக்கம் சாஞ்சுதுன்னா அரிப்பே இல்ல அண்ணே. அடியில வளைவா வழுக்கி இறங்கின சரிவு. ஆறு நிறைஞ்சு நிக்கிறப்ப வெளித்தண்ணிதான் கரைக்கு முட்டு. அது சட்டுனு இறங்கினா முட்டு போயிடும், உள்ளே ஊறின தண்ணி அழுத்தம் அப்படியே நிக்கும். மணல் கரைன்னா தண்ணி கூடவே வடிஞ்சிடும்; களி கலந்த கரை வடியாது. மணல் அள்ளி அடி ஆழமாயிட்டா கேக்கவே வேணாம்.

2019 தேசிய நிலச்சரிவு அபாய மேலாண்மை உத்தியும் சரி, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையோட 1:50,000 நிலச்சரிவு வரைபடமும் சரி, மலையைத்தான் பார்க்குது. முன்னறிவிப்பும் மழை அளவை வச்சுத்தான். நீலகிரிக்கு அது சரி. இங்க பார்க்கவேண்டியது ஆறு இறங்குற வேகம்.

அணைக்கரைப்பக்கம்:
ரெண்டு பேரும் குழப்பாதீங்க. நீலகிரி 2009 நவம்பர், வயநாடு 2024 ஜூலை 30, அந்த நிலச்சரிவெல்லாம் பார்த்தாச்சு. அங்க போற பணத்துல டெல்டா எதுக்குப் பங்கு கேக்கணும்? 15வது நிதிக்குழு 2021-26க்கு அரிப்புத் தடுப்புக்குன்னே 1,500 கோடி ஒதுக்கச் சொல்லிச்சு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலயும் ஆண்டு ஒதுக்கீட்டுல 10% வரைக்கும் உள்ளூர்ப் பேரிடர்னு அறிவிச்சு செலவழிக்க வழியிருக்கு. அதைக் கேளுங்க.

சவுக்குக்கட்டை:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். விரிசல் கண்டதும் எல்லாரும் செய்யற தப்பு, கரை உச்சியில மணல் மூட்டை அடுக்கறது. சரியப்போற துண்டு மேலயே பாரம் ஏத்துறோம். மூட்டை போகவேண்டிய இடம் ஆத்துப்பக்க அடிவாரம். வாய் வரைக்கும் மணலை அடைக்காதீங்க, பாதிக்கு மேல கொஞ்சம் போதும். அப்பதான் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்காரும். வரிசைக்கு வரிசை மூட்டு மாத்தி அடுக்கணும். சவுக்கு முளை அடிக்கிறதா இருந்தா வழுக்குற தளத்தைத் தாண்டி இறங்கணும். மேல்மண்ணுல நிக்கிற முளை கரையோடவே போயிடும். விரிசல்ல மணல் கொட்டாதீங்க, மழைத்தண்ணி நேரா உள்ளே இறங்கும். களிமண்ணைப் பிசைஞ்சு இடிச்சு நிரப்பி, மேலே தார்ப்பாய். ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு குச்சி நட்டு, காலையும் மாலையும் இடைவெளியை அளந்து எழுதுங்க. கூடிக்கிட்டே போனா டிராக்டரை நிறுத்துங்க. அப்புறம் வெட்டிவேர்...

படுகைக்காரன்:
சார், வெட்டிவேர் அடுத்த வருஷத்துக்கு. அணைக்கரை அண்ணே, நான் மலைப் பணத்தைக் கேக்கல. மலையில எத்தனை மழைக்குச் சரியும்னு எப்படிக் கணக்குப் போட்டாங்க? சரிஞ்ச தேதியையும் மழையளவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு. நமக்கு முக்கொம்பு, கல்லணை, அணைக்கரையில நீர்மட்டம் எழுதி வச்சிருக்கு. கரை என்னைக்குச் சரிஞ்சுதுன்னுதான் எழுதறதில்ல. அந்தத் தேதி இருந்தா, ஷட்டரை எவ்வளவு நிதானமா இறக்கணும்னு விதியே போடலாம்.

அணைக்கரைப்பக்கம்:
தேதி மட்டும் போதாது. எந்த மைல்கல்லு, எந்தக் கரைன்னும் வேணும்.