1813 நோட்டு: தரங்கம்பாடியில அடிச்சதுங்கிறாங்க, வாங்கலாமா?

கீழக்கரைக்காரன்:
எல்லாருக்கும் சலாம். பழைய காசு சேர்க்கிறவன் நான். நேத்து ராமநாதபுரத்துல ஒரு யாவாரி ஒரு தாளைக் காட்டி, "டேனிஷ்காரன் தரங்கம்பாடியில அடிச்ச நோட்டு, முப்பதாயிரம்" என்றார். 1813னு போட்டிருக்கு. எழுத்துக்கூட்டினா 'ரிக்ஸ்பாங்க்'னு வருது. ஒரு பக்கம்தான் அச்சு, பின்னாடி வெறும் தாள். நம்பரை மசியில கையால எழுதி, நாலஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. ராஜா தலையே இல்ல. இது நோட்டா, கடைச்சீட்டா?

தொண்டி கேஷியர்:
தம்பி, முப்பது வருஷம் கவுண்டர்ல நோட்டு எண்ணினவன் சொல்றேன். நோட்டு அசலா இருக்கலாம், கதைதான் போலி. 1808லிருந்து 1815 வரை தரங்கம்பாடி இங்கிலீஷ்காரன் கையில இருந்தது. 1813ல டேனிஷ்காரன் அங்க எப்படி நோட்டு அடிப்பான்? அவன் அங்க அடிச்சது காசு. ஈயத்துலயும் செம்புலயும், ராஜா பேரெழுத்து போட்டது.

இது டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் சரக்கு. 1807ல இங்கிலீஷ்காரன் அந்த ஊரைக் குண்டு போட்டு எரிச்சான். போர்ச்செலவுக்கு அரசாங்கம் நோட்டா அடிச்சுத் தள்ள, மதிப்பு மண்ணாப்போச்சு. சில்லறையே இல்லாம 8 ஸ்கில்லிங்குக்கெல்லாம் (அவங்க சில்லறைக் காசு) தாள் அடிச்சாங்க. 1813 ஜனவரி 5ல அரசாங்கமே திவால். பழைய டேனிஷ் நோட்டு ஆறு டாலரைக் குடுத்தா, உன் தாள்ல பேர் இருக்கிற ரிக்ஸ்பாங்க் வங்கியோட புது ரிக்ஸ்பாங்க்டாலர் ஒண்ணு. அந்த ஒண்ணுக்கு 96 ஸ்கில்லிங். புது நோட்டுக்கு ஈடா வீடு, நிலம் வச்சிருந்தவன் தலையில சொத்து மதிப்புல 6 சதவீதம் கட்டினாங்க. அப்பவும் ஜனம் நம்பல. 1818ல நேஷனல்பேங்க்னு தனியார் வங்கி வந்து பொறுப்பெடுத்துச்சு. நோட்டைக் குடுத்து வெள்ளி வாங்கலாம்னு ஆனது 1845ல. அதே வருஷம்தான் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து 12½ லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனுக்கு வித்தாங்க.

கையெழுத்து ஏன்னா, அது வங்கி குடுத்த வாக்கு. நம்ம மரக்காயர் யாவாரிங்க பணத்துக்குப் பதிலா எழுதிக் குடுத்த உண்டியல் சீட்டு மாதிரி நினைச்சுக்க.

பாம்பன் பாலு:
அண்ணே, அசலான்னு எப்படிப் பார்க்கிறது?

தொண்டி கேஷியர்:
கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டு. கந்தல்துணியில செஞ்ச பழைய தாள் மங்கலா இருக்கும். பளீர்னு நீலமா அடிச்சா இந்தக் காலத்துத் தாள். மங்கலா இருக்குன்னு மட்டும் நம்பிடாத, பழைய தாள்லயும் போலி போடுவான்.

கீழக்கரைக்காரன்:
காக்கா, யாவாரிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்ப பத்தாயிரம் குடுங்க"ங்கிறார். சாயங்காலம் விளக்கோட போறேன்.