ரூம் வாடகை கூடினால் டாக்டர் ஃபீஸையும் வெட்டுவார்களா?

திருமங்கலத்துக்காரன்:
எங்கம்மாவுக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி செய்து எடுத்தார்கள். 3 லட்ச ரூபாய் பாலிசி, நாலாவது வருஷம் ஓடுகிறது, இதுவரை க்ளெய்ம் போட்டதே இல்லை. கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டிவிடும் என்றதும் நிம்மதியாக இருந்தோம். டிஸ்சார்ஜ் அன்று பில் 1,48,000. கம்பெனி தந்தது 69,500 தான். மிச்சம் 78,500-ஐக் கட்டின பிறகுதான் அம்மாவை அனுப்பினார்கள்.

கேட்டால் ரூம் வாடகை வரம்பு தாண்டிவிட்டதாம். பாலிசியில் ஒரு நாளைக்கு 3,000, நாங்கள் இருந்த ரூம் 6,000. நாலு நாள். சரி, வித்தியாசம் 12,000, அதை நான் தருகிறேன். மீதி எங்கே போனது?

பில் விவரம்: ரூம் 24,000. டாக்டர், மயக்க டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்த்து 72,000. மருந்து 28,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 15,000. கையுறை, மாஸ்க் மாதிரி சில்லறை 9,000. பலசரக்குக் கடை வைத்திருப்பவன் நான், கூட்டிக் கழிக்கத் தெரியாதவன் இல்லை. இந்தக் கணக்கு மட்டும் பிடிபட மாட்டேன் என்கிறது.

செல்லூர் பாண்டி:
அண்ணே, ஏஜென்ட்டைப் பிடித்துக் கேளுங்க. பாலிசி விற்கும்போது வீட்டுக்கு வந்து காபி குடித்தவர், இப்போது போனை எடுக்கிறாரா பார்ப்போம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் உண்டே, அதில் ஏன் போகவில்லை?

திருமங்கலத்துக்காரன்:
அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும் தம்பி. கடை இருக்கிறதே.

கேகே நகர் அக்கா:
தம்பி, நான் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்த்தவள். உங்கள் பில்லைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கம்பெனி எல்லாவற்றையும் பாதியாக்கியிருக்கிறது. 9,000 சில்லறையைத் தள்ளினால் 1,39,000. அதில் சரிபாதி 69,500.

ஏன் பாதி? பல ஆஸ்பத்திரிகளில் ரூமுக்குத் தகுந்தபடி மற்ற ரேட்டும் ஏறும். அதே டாக்டர், அதே தியேட்டர்தான். ஷேரிங் ரூமுக்கு ஒரு ஃபீஸ், சிங்கிள் ஏசிக்கு ஒரு ஃபீஸ். அதனால் உங்களுக்கு உரிய ரூம் 3,000, எடுத்தது 6,000 என்றால், டாக்டர் ஃபீஸ் வகையறாவையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். இது பாலிசியிலேயே எழுதியிருக்கும். அட்மிஷன் கவுன்ட்டரில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நோயாளி வீல்சேரில் உட்கார்ந்திருப்பார், "சிங்கிள் ஏசிதான் காலி இருக்கு, போட்டுடவா?" என்பார்கள், மகன் தலையாட்டுவார். முடிந்தது. ஷேரிங் ரூம் காலியாகும்வரை காத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்த ஒரு பெரியவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன், ரிட்டயர்டு தாசில்தார்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி வெட்ட முடியாது. மருந்து, உடம்புக்குள் வைக்கும் கருவிகள், பரிசோதனைக் கட்டணம் மூன்றிலும் விகிதக் கழிவு கூடாது என்பது ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் விதி. ஐசியு கட்டணத்திலும் கூடாது. அப்படியானால் ரூமுக்கு 12,000, டாக்டர் வகையறா 36,000, மருந்து 28,000, டெஸ்ட் 15,000. மொத்தம் 91,000. உங்களுக்கு இன்னும் 21,500 வர வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த ரூமுக்கும் டாக்டர், தியேட்டர் ரேட் ஒன்றுதான் என்றால், விகிதக் கழிவே போடக் கூடாது. ரூம் வித்தியாசம் 12,000-மும் சில்லறை 9,000-மும் மட்டும்தான் உங்கள் தலையில். பில்லிங் பிரிவில் அதை லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். தர யோசிப்பார்கள், விடாதீர்கள்.

கையுறை காசு வராது. அதற்குத் தனியாக ஒரு ரைடர் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) எடுத்திருந்தால் உண்டு.

விளாங்குடி ரவி:
அக்கா, இடையில் ஒரு கேள்வி. அப்பாவுக்குச் சுகர் இருக்கு. சொன்னால் பாலிசி தர மாட்டார்கள், மறைத்துவிடு என்கிறார் ஏஜென்ட்.

கேகே நகர் அக்கா:
அவர் கமிஷனுக்குச் சொல்கிறார். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 2024 ஏப்ரலுக்குப் பிறகு எடுக்கும் பாலிசியில் அதிகபட்சக் காத்திருப்பு 3 வருஷம்தான், அதுவரை அந்த நோய்க்கு மட்டும் க்ளெய்ம் வராது. மறைத்து மாட்டினால் க்ளெய்மும் போகும், பாலிசியும் போகும். பிரீமியம் கூடினாலும் எழுதிக் கொடுங்கள். கண்புரை, மூட்டு மாற்று இதற்கெல்லாம் சுகர் இல்லாதவருக்கும் தனிக் காத்திருப்பு உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வெறும் டெஸ்ட்டுக்காக அட்மிட் ஆனால் பணம் வராது.

திருமங்கலத்துக்காரன்:
அக்கா, கஸ்டமர் கேரில் கூப்பிட்டேன். "செட்டில் ஆகிவிட்டது சார், க்ளோஸ்டு" என்கிறான் ஒருத்தன்.

கேகே நகர் அக்கா:
போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்கள். மருந்து, டெஸ்ட் இரண்டிலும் பிடித்த 21,500 எந்த விதிப்படி என்று அது ஒன்றை மட்டும் கேளுங்கள், கதை எழுதாதீர்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் நடுவர்) புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலேயே போடலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

மெயிலோடு பில் விவரம், கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அப்ரூவல் கடிதம் இரண்டையும் சேருங்கள். அப்ரூவல் கடிதம் ஆஸ்பத்திரி டெஸ்க்கில்தான் கிடக்கும், நாளைக்கே போய் ஒரு காப்பி வாங்கிவிடுங்கள்.