ஈசிங்டனில் தவறான இடத்தில் இறங்கிய கதை

போன நவம்பரில் நடந்தது இது. நான் இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்தில் படிக்கிறேன். டர்ஹம் கவுன்டியில் பழைய நிலக்கரி ஊர் ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறி, ஈசிங்டன் என்ற போர்டைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். ஒரு பழைய தேவாலயம், புல்தரை, தெருவில் ஈ காக்கை இல்லை. கடையில் கேட்டால், "இது வில்லேஜ், நீங்கள் கேட்பது காலியரி, கடல் பக்கமாக நேரே இறங்குங்கள்" என்கிறார்கள். காலியரி என்றால் நிலக்கரிச் சுரங்கம். பேர் ஒன்று, ஊர் ரெண்டு! சீசைடு லேன் நெடுக எதிர்க்காற்று, குடை போன இடம் தெரியவில்லை.

காலியரிக்குள் நுழைந்தால் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், சுரங்க ஆட்களுக்காகக் கட்டியவை. தெருப் பெயர்கள் ஏ-யில் தொடங்குபவை ஒரு கொத்து, பி-யில் தொடங்குபவை இன்னொரு கொத்து. பேர் வைத்தவர் அகராதியும் கையுமாக உட்கார்ந்திருப்பார் போல. சில வீடுகளின் ஜன்னலில் பலகை அடித்திருந்தது. சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது புல்மேடுதான். 1993 மே மாதம் மூடினார்கள், 1,400 பேருக்கு வேலை போனது, கட்டடங்களையும் இடித்துவிட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டை மட்டும் நினைவுக்காக மேட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்.

கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது நாயோடு ஒரு தாத்தா வந்தார். "வழி தவறிட்டியா, பெட்?" என்றார். (நாயைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் பெட் என்றால் நம் 'கண்ணு' மாதிரி.) நீங்கள் இங்கேதான் வேலை பார்த்தீர்களா என்று காலடியைக் காட்டிக் கேட்டேன். அவர் கைத்தடியைத் தூக்கிக் கடலைக் காட்டினார். கரிப் படுகை கடலுக்கு அடியில் மைல் கணக்கில் போகிறதாம், கூண்டில் இறங்கி அப்புறம் அவ்வளவு தூரமும் போக வேண்டுமாம். "மேலே கப்பல் போகும், எங்களுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார். தடியைப் பிடித்திருந்த கையின் புறத்தில் நீலமாக ஒரு கோடு. பச்சை குத்தினதா என்று கேட்டதற்கு, வெட்டுக்காயத்தில் கரித்தூள் போய் அப்படியே ஆறிவிட்டது, சுரங்கக்காரர்கள் பல பேருக்கு இருக்கும் என்றார்.

1951-ல் அவர் சின்னப் பையன். மே 29 விடிகாலை, வெட்டும் எந்திரத்தின் பல் பைரைட் கல்லில் உரசிப் பொறி பறந்து வாயு பற்றிக்கொண்டது, அந்தத் தீயைக் கரித்தூள் சுரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. ஷிஃப்ட் மாறும் நேரமாகிப் போனதால் ரெண்டு ஷிஃப்ட் ஆட்களும் உள்ளே இருந்திருக்கிறார்கள். 81 தொழிலாளர்கள், மீட்கப் போனவர்களில் 2 பேர், மொத்தம் 83 பேர் செத்துப் போனார்கள். தெருவில் பெண்கள் பேசாமல் நின்றதுதான் தனக்கு ஞாபகம் என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ மூடினது ஒரு வகையில் நல்லதுதானே?" என்று கேட்டுத் தொலைத்தேன். கொஞ்ச நேரம் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். "என் பையன் வேலை தேடித் தெற்கே போனான். கிறிஸ்துமஸுக்கு வருவான்" என்றார். அதோடு கிளம்பிவிட்டார்.

* * *

மேலே எழுதியவருக்கு: ஜூலை இரண்டாவது சனிக்கிழமை டர்ஹம் நகரத்துக்குப் போய்ப் பாருங்கள், சுரங்கத் தொழிலாளர் திருவிழா, 1871-ல் தொடங்கியது. ஊர் ஊராகப் பேண்டு வாத்தியத்தோடு பெரிய பட்டுப் பேனர்களைத் தூக்கி வருவார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். காற்றில் ஒரு பேனர் சாய, பக்கக் கயிற்றைப் பிடித்திருந்த பெண் என் கையில் இன்னொரு கயிற்றைத் திணித்து, "இழுத்துப் பிடி, விட்டுடாதே" என்றாள். அரை மணி நேரம் பிடித்தேன், உள்ளங்கை சிவந்துவிட்டது. பேனரில் இருக்கும் சுரங்கம் எப்போது மூடியது என்று கேட்டேன்.

"நான் பிறக்கறதுக்கு முன்னாடி" என்றாள், கயிற்றை விடாமல்.