“உதில கிணறு எங்கை?”

போன வருடம் பெறாமகன் ஒரு வேலையோடு வந்தான். அவனும் கொக்குவில் பெடியள் நாலு பேரும் சனிக்கிழமை பின்னேரங்களில் பகடை உருட்டிக் கதை சொல்லி விளையாடுகிறார்கள். அந்தக் கதை நடக்கிற நாட்டுக்கு ஒரு வரைபடம் வேண்டுமாம். “சித்தப்பா, நீங்கள் கொம்பியூட்டரில கீறுவியள்தானே?” என்றான். நான் கீறுவது வீட்டு பிளான். சரி, அதுவும் கோடு, இதுவும் கோடு என்று ஒத்துக்கொண்டேன்.

குறியீடுகளைத் தொகுப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே போகிற வகை மென்பொருள் ஒன்றை இறக்கினேன். ஒரு மணித்தியாலத்தில் ஒரு நாடே தயார். பனி மூடிய மலைத்தொடர், அதிலிருந்து இறங்கும் ஆறு, ஊசியிலைக் காடு, குன்றின் மேல் கோபுரக் கோட்டை. ஏ3 தாளில் எடுத்து மேசையில் விரித்தேன். நல்ல வடிவுதான்.

தேத்தண்ணியோடு வந்த அம்மா கனநேரம் குனிந்து பார்த்தா. “உதென்ன ஊர்? ஒரு கிணறும் காணேல்லை. சனம் தண்ணிக்கு எங்கை போறது?”

ஆற்றைக் காட்டினேன். “ஆறோ?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டா.

அவ சிரித்ததில் ஞாயம் இருந்தது. எங்கள் யாழ்ப்பாண மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழை பெய்தால் நிலத்துக்குள் இறங்கிவிடும். ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும். மலையே இல்லை. மலையும் ஆறும் காடும்தான் வரைபடம் என்று நான் எங்கே படித்தேனோ தெரியாது. அன்றிரவு எல்லாவற்றையும் அழித்தேன்.

பிறகு இங்க்ஸ்கேப் என்ற படம் கீறும் மென்பொருளில் சொந்தமாகக் குறியீடு கீறத் தொடங்கினேன். முதலில் துலாக் கிணறு, பிறகு பனை. கிடுகு வேலி, கூரை போட்ட வாசலான சங்கடப்படலை, சுமைதாங்கி, பருத்தித்துறையில் இருப்பதுபோல் தெருவை மூடி நிற்கும் மடம், நெடுந்தீவின் பவளக்கல் மதில், பெருக்குமரம் என்று அது நீண்டுகொண்டே போனது. வழுக்கியாற்றைத் துண்டுக்கோட்டால் போட்டேன். பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆற்றை அப்படிக் காட்டுவதுதான் நிலப்பட வழக்கம்.

கோட்டைதான் வில்லங்கம். தொகுப்பில் இருந்த கோட்டைகள் உயரக் கோபுரங்களோடு பக்கவாட்டில் தெரிபவை. யாழ்ப்பாணக் கோட்டையைப் பக்கவாட்டில் கீறினால் நீளமான ஒரு மதில்தான் மிஞ்சும். மேலிருந்து பார்த்தால்தான் அந்த ஐந்து முனை தெரியும். மரமும் வீடும் பக்கத்தோற்றத்தில் நிற்க, கோட்டை மட்டும் மேல்தோற்றத்தில். பிளான் கீறுகிற கைக்கு இது அரிப்பெடுக்கும். பழைய வரைபடங்களிலும் இப்படிக் கலந்துதான் கீறினார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பனையில் விட்ட பிழையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குறியீட்டின் அடிப்புள்ளியை மரத்தின் நடுவில் வைத்துவிட்டேன். மென்பொருள் அந்தப் புள்ளியை வைத்துத்தான் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று அடுக்கும். பனையோ நெட்டை, கிணறு குட்டை. அதனால் கிணற்றுக்கு முன்னால் நிற்க வேண்டிய பனை பின்னுக்குப் போய், அதன் அடியைக் கிணறு மறைத்தது. வீட்டு பிளான் கீறும் ஓட்டோகாட்டில் இத்தனை வருடம் பிளாக் (திரும்பத் திரும்ப வைக்கிற குறியீடு) செய்தவன் விடுகிற பிழையா இது! அடிப்புள்ளி வேர் நிலத்தைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். வெளிச்சமும் எல்லாக் குறியீட்டிலும் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். நான் இடது மேல் மூலையை வைத்துக்கொண்டேன்.

ஒரே பனையை இருநூறு தரம் வைத்தால் இராணுவ அணிவகுப்புமாதிரித் தெரியும். அதனால் ஏழு விதமாகக் கீறினேன். வடலி, காவோலை தொங்குவது, காற்றுக்குச் சாய்ந்தது, குலை தள்ளியது என்று. ஏழாவது தலையில்லாத பனை. ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெறாமகன் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன தூணோ, சித்தப்பா?” என்று கேட்டான். அவன் 2010இல் பிறந்தவன். ஓம், தூண்தான் என்றேன்.

* * *

மேலே பனை கீறின அண்ணை, ஓட்டோகாட் பழகின உங்களுக்குக் கம்பெய்ன் கார்ட்டோகிராபர் என்ற வரைபட மென்பொருள் கை கொடுக்கும். அது பிளான் கீறும் ஃபாஸ்ட்காட் மென்பொருளின் மேல் கட்டினது, 1993இல் டொஸ் காலத்தில் தொடங்கினது. வலது சொடுக்கினால் கடைசிக் கட்டளை திரும்ப வரும். அது தெரியாமல் நான் ஒரு கிழமை மெனுவுக்கும் படத்துக்கும் நடந்தேன்.

நான் வல்வெட்டித்துறை. வரைபடத்தைவிட ஆட்களை உருவாக்கத்தான் எனக்கு விருப்பம். உடம்பு, தலைமயிர், உடுப்பு, கைப்பொருள் என்று துண்டு துண்டாக அடுக்குவது. நான் பாவித்த தொகுப்பில் இரும்புக் கவசம் இருபது விதம், சாரம் ஒன்றுகூட இல்லை. ஒரு நீளப் பாவாடையை முழங்காலோடு வெட்டி, இடுப்பில் ஒரு மடிப்பு வைத்து, நீலக் கட்டம் போட்டேன். மடித்துக் கட்டின சாரம்! தோளில் கிடந்த போர்வையைப் பாதி ஒளிபுக வைத்து, மேலே கண்ணி கண்ணியாய்க் கோடு போட்டால் வலை. ஐயா பார்த்துவிட்டு வேறொன்றும் சொல்லவில்லை, “வலை இந்தத் தோளில போடமாட்டினம்” என்றார். படத்தைத் திருப்பினேன். வெளிச்சம் வலப்பக்கம் மாறிவிட்டது. நிழல் முழுவதையும் திரும்பப் போட்டேன்.

முகத்தை மட்டும் வட்டமாக வெட்டினால் விளையாட்டுக் காயாகவும் பாவிக்கலாம். ஒரு அங்குலக் கட்டம் ஐந்து அடி என்பதுதான் வழமை, அந்த அளவுக்கு எடுங்கள்.

* * *

மேலே எழுதின இரண்டு பேரும் வரைபடத்தில் போடும் எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது பழைய மென்பொருள், யுனிகோட் தமிழ் போட்டால் பெட்டி பெட்டியாய் வரும். கடைசியில் கல்யாணக் காட் அடிக்கிற கடைக்காரத் தம்பி, “பாமினி எழுத்துரு போட்டுப் பாருங்கோ அண்ணை” என்றார். பாமினியில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் இருப்பதால் மென்பொருளுக்கு அது ஆங்கிலம்தான். உடனே வேலை செய்தது. ஒரே ஒரு கவனம்: கோப்பை வேறு ஆளுக்கு அனுப்பும்போது படமாக்கி அனுப்புங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் ஊர்ப்பெயர் எல்லாம் ஏதோ மந்திரம்போலத் தெரியும்.

பெயர் வைப்பது தனிக் கதை. ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கிற தீவு லெய்டன், அனலைதீவு ரொட்டர்டாம். இன்றைக்குப் புழக்கத்தில் மிஞ்சியது நெடுந்தீவின் டெல்ஃப்ட் ஒன்றுதான்.

நானும் என் வரைபடத்தில் பன்னிரண்டு தீவுக்கு அகராதி பார்த்துப் பெயர் வைத்தேன். பிள்ளைகள் ஒன்றையும் சொல்வதில்லை. அவர்கள் பாவிப்பது அவர்களே வைத்த இரண்டு பெயர்கள்: ‘போனமுறை செத்த தீவு’, ‘கிணறில்லாத் தீவு’. இரண்டாவதில் துலாக் கிணறு வைக்க மறந்துபோனது என் பிழை. இப்போது வைத்தால் கதை குழம்பும், வேண்டாம் என்கிறார்கள்.