வி.ஆர். பாதுகாப்புப் பயிற்சி: கதை வேண்டுமா, ஒத்திகை போதுமா?

காட்சி_வரைவாளர்:
மூடிய தொட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்காக, ஹெட்செட்டைத் தலையில் மாட்டிப் பார்க்கும் ஒரு வி.ஆர். (மெய்நிகர்) பயிற்சி வடிவமைக்கிறேன். முதல் வடிவத்தில் கதையே கிடையாது. வேலைக்கான அனுமதிச் சீட்டைப் (பெர்மிட்) பார், காற்றைச் சோதிக்கும் கேஸ் மீட்டரை உள்ளே இறக்கு, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்காதே, கயிறு கோக்கும் உடல்பட்டையை (ஹார்னஸ்) மாட்டு, அவ்வளவுதான். முயன்று பார்த்த எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. இப்படி மூடிய இடங்களில் நடக்கும் விபத்துகளில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986ல் வெளியிட்ட எச்சரிக்கை அறிக்கை சொல்கிறது. அத்தனை பேரும் விதி தெரியாமலா இறங்கியிருப்பார்கள்? கூட வேலை செய்தவன் கண்ணெதிரே விழுந்தால் கால் தானாக உள்ளே போய்விடுகிறது. அந்த நொடியைக் கதை இல்லாமல் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பட்டறை_மேற்பார்வை:
கதை வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கை பழக வேண்டும், அதற்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கதையின் பலம் அடுத்து என்ன என்ற எதிர்பார்ப்பில் இருக்கிறது. இரண்டாம் தடவை அது போய்விடும்.

ஹெட்செட்டே கவனத்தைச் சிதறடிக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மக்ரான்ஸ்கி, மேயர் உள்ளிட்டோர் 2019ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அறிவியல் ஆய்வகப் பாடத்தைக் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெட்செட் போட்டவர்களுக்கு அங்கேயே இருக்கும் உணர்வு கூடியது, கற்றதோ குறைந்தது. இதற்கு மேல் கதையையும் ஏற்றினால்?

இன்னொன்று. கதை என்றாலே நாயகன் குதித்துக் காப்பாற்றுவான். சின்ன வயதிலிருந்து நாம் கேட்டு வளர்ந்தது அதைத்தான். இங்கே குதிப்பவன் சாகிறான். தப்பான பாடத்தைக் கதையே சொல்லிக்கொடுத்துவிடும் என்று பயப்படுகிறேன்.

சிமுலேட்டர்_பயிற்றுநர்:
அந்த ஆய்வு ஒப்பிட்டது திரையையும் ஹெட்செட்டையும்தான். கதை உள்ள பாடத்தையும் கதை இல்லாத பாடத்தையும் அல்ல. அதை வைத்துக் கதையை ஒதுக்க முடியாது.

விமானத் துறையில் இந்தச் சண்டை பழசு. 1978 டிசம்பரில் யுனைடெட் 173 விமானம் போர்ட்லேண்ட் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். இறங்கு சக்கரத்தில் கோளாறா என்பதிலேயே கேப்டனின் கவனம் நின்றுவிட்டது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் கவனித்தார்கள், ஆனால் அழுத்தமாகச் சொல்லவில்லை. எஞ்சின் கோளாறு, தீ என்று தனித்தனியாக ஒத்திகை பார்ப்பதால் இந்தக் குறை தீராது. அதனால்தான் புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை ஒரு முழுப் பயணத்தையே சிமுலேட்டரில் ஓட்டவைக்கும் லாஃப்ட் என்ற முறை இருக்கிறது. நடுவில் பயிற்றுநர் குறுக்கிட மாட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து பேசுவோம். அதுவும் ஒரு கதைதான், முடிவைக் குழு எழுதுகிறது.

காட்சி_வரைவாளர்:
நாயகன் குதிப்பான் என்று பட்டறை சார் சொன்னது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவர் சொல்வது சரி. அதனால் பாத்திரத்தை மாற்றிவிட்டேன். பயிற்சி எடுப்பவர் இப்போது தொட்டிக்குள் இறங்குவதில்லை. மேலே வாயருகில் காவல் நிற்கிறார். என்ன நடந்தாலும் உள்ளே போகக் கூடாதவர்.

முதல் நிமிடத்தில் நண்பர் ஹார்னஸ் மாட்டியபடி, "ரெண்டு நிமிஷ வேலைதானே, கயிறு எதுக்கு, சிக்கிக்கும்" என்கிறார். சரி என்று விடலாம், விடாமலும் இருக்கலாம். அதன் பிறகு சாதாரணப் பேச்சு. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வரும் பதில் குழறுகிறது, அப்புறம் சத்தமே இல்லை. அலாரம் அடித்துவிட்டு, கயிற்றைச் சுற்றி ஆளை மேலே இழுக்கும் வின்ச் பக்கம் திரும்புகிறீர்கள். அதன் கைப்பிடியைச் சுற்றுகிறீர்கள். கயிறு மாட்டியிருந்தால் கனம் தெரிந்து கயிறு விறைக்கும், நண்பர் மேலே வருவார். மாட்டாமல் விட்டிருந்தால் கைப்பிடி லேசாகச் சுழலும், வெறும் கொக்கி மேலே வரும்.

சினிமா போல வெட்டிக் காட்ட இங்கே வழியில்லை. பார்ப்பவர் எங்கும் திரும்பலாம். அதனால் கவனத்தை ஒலியால்தான் இழுக்கிறேன். முன்கதை, குடும்பப் படம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

பட்டறை_மேற்பார்வை:
அந்த வெறும் கொக்கி என்னைத் தொட்டுவிட்டது, மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலாவது, கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்குக் கனமே கிடையாது. கயிறு விறைப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு, ஒரு ஆளின் எடையைச் சுற்றி இழுப்பது வேறு. ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு நிஜ வின்ச்சில், நிஜ எடையுள்ள பொம்மையை இழுக்கவையுங்கள். மூச்சு வாங்கட்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். நான் முன்பு இருந்த இடத்தில் இதே போன்ற ஒரு காட்சியைக் காட்டினார்கள். பாதியில் ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பல வருடம் முன்பு அவர் கண்ணெதிரே ஒரு தோழர் இறந்திருக்கிறார். யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் பெயருக்கு நேரே "தோல்வி" என்று பதிந்தார்கள். இன்னும் அது எனக்கு ஆறவில்லை.

காட்சி_வரைவாளர்:
தொடங்கும் முன் காட்சியில் என்ன வரும் என்று சொல்லிவிடுகிறேன். எந்த நொடியிலும் நிறுத்தலாம், நிறுத்தியவருக்கு மதிப்பெண் பதிவாகாது. பொம்மைக்கும் சொல்லியாயிற்று. எத்தனை கிலோ வைக்கட்டும் சார்?

பட்டறை_மேற்பார்வை:
உங்கள் குழுவிலேயே கனமான ஆள் யாரோ, அவர் எடைக்கு வையுங்கள்.