புதுப்பிப்பு: டெல்லிக்கே போகிறேன்

போன தடவை கேட்டிருந்தது இதுதான்: டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது, பாளையங்கோட்டையிலும் இடம் இருக்கிறது, எங்கே சேர்வது? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. டெல்லியில் பணம் கட்டியாச்சு.

அப்பாவுக்குப் பெரிய கவலை தங்குமிடம்தான். க்யூட் (CUET) என்கிற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் சீட் கிடைத்தாலும் ஹாஸ்டல் கூடவே வராது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல். எனக்குக் கிடைக்கவில்லை. கமலா நகரில் ஒரு பி.ஜி. (பணம் கட்டித் தங்கும் வீடு) பார்த்திருக்கிறோம், பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகம் பக்கம்தான். ஜன்னல் திறக்குமா, தண்ணீர் எப்போது வரும், அட்வான்ஸ் திரும்பத் தருவார்களா என்று அம்மா போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாங்க. அதற்குப் பிறகுதான் வீட்டில் சரி என்றார்கள்.

இந்தி தெரியாதே என்று பலர் பயமுறுத்தினீர்கள். பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கலாம், கேள்வித்தாளும் ஆங்கிலம், இந்தி இரண்டிலும் வரும். கடைவீதி இந்தியைப் போய்க் கற்றுக்கொள்வேன்.

என்னை இழுத்தது ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம். விஸ்வவித்யாலயாவில் மெட்ரோ ஏறினால் மஞ்சள் தடத்திலேயே அந்தப் பக்கம் போய்விடலாம். பாளையக்காரர் போர் பற்றிய மதராஸ் ஆவணங்கள் சென்னை எழும்பூரில்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், விடுமுறையில் அங்கேயும் போவேன்.

டெல்லி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான். டிக்கெட் போட்டாச்சு, அப்பாவும் வருகிறார். குளிருக்கு ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா? இருந்தவர்கள் சொல்லுங்கள்.