ஏழு வயதில் திடீரென்று வெடிச் சத்தப் பயம்: மணிக்கு என்ன செய்வது?

கேள்வி

எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. கலப்பு இனம், பதினெட்டு கிலோ. வெடிச் சத்தத்தை அவன் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. தெருவில் சரம் வெடிக்கும்போது வாசலில் படுத்துத் தூங்கியவன். இடி இடித்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான், மறுபடி மூடிக்கொள்வான்.

அந்த மணிதான் இப்போது எங்கோ தூரத்தில் ஒரு ஒற்றை வெடி கேட்டாலே அப்பாவின் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுகிறான். கட்டில் தாழ்வானது. நுழையும்போது முதுகு சட்டத்தில் உரசுகிறது, அப்படியும் போகிறான். உடம்பெல்லாம் நடுக்கம், வாயிலிருந்து நீர் ஒழுகித் தரையில் தேங்குகிறது. இரண்டு மணி நேரம் ஆனாலும் வெளியே வருவதில்லை. ஒரு முறை உள்ளேயே சிறுநீர் போய்விட்டான்.

எப்போது தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு ராத்திரி, பக்கத்து மைதானத்தில் வாணவேடிக்கை. மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தவன் சத்தத்தில் துள்ளி, நாலு படி சறுக்கி விழுந்தான். உடனே எழுந்து நடந்தான், அடி பட்டதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இதெல்லாம். முதலில் பட்டாசு, அப்புறம் இடி, பிறகு காற்றில் கதவு அறைவது. இப்போது குக்கர் விசிலுக்கே ஓடுகிறான்.

வீட்டில் இதை வைத்து ஒரு சண்டை நடக்கிறது. "நீ தடவிக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவனைக் கெடுக்கிறாய், பயந்தால் கொஞ்சுவார்கள் என்று கற்றுக்கொண்டுவிட்டான்" என்கிறார் அப்பா. மொட்டை மாடியில் கட்டிவைத்து, நாமும் கூட நின்று நாலு வெடி வெடித்தால் பழகிவிடும் என்பது அவர் கட்சி. எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் சொல்வது தப்பு என்று நிரூபிக்கவும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த பட்டாசு நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யலாம்?

பதில் 1

மொட்டை மாடி யோசனையை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். என் முதல் நாயிடம் நான் செய்த பாவம் அது. கட்டி வைத்தேன், முதலில் இழுத்தான், கத்தினான், பிறகு அமைதியாகிவிட்டான். பழகிவிட்டான் என்று பெருமையாகக் கீழே வந்து சொன்னேன். பழகவில்லை, உறைந்து போயிருந்தான். மறுநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் பட்டப்பகலில் கூட மாடிப் பக்கம் வரமாட்டான். ஓட வழியில்லாத இடத்தில் வைத்துப் பயமுறுத்தினால் அந்த இடத்தைப் பார்த்தாலே பயப்படத் தொடங்கிவிடும், அவ்வளவுதான் கிடைக்கும்.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள் என்றாலே எல்லோருக்கும் மணியோசையும், அதைக் கேட்டதும் சோறு வரும் என்று ஊறுகிற எச்சிலும்தான் நினைவுக்கு வரும். 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் புகுந்தபோது அவருடைய நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டன, தலை மட்டும் நீருக்கு மேலே. காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதன் பிறகு சில நாய்கள் முன்பு கற்றதை மறந்தே போயின. பின்னொரு நாள் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டபோது ஒரு நாய் மறுபடி கலங்கிவிட்டது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

தடவிக் கொடுப்பது பற்றி: பயம் என்ன கை கொடுக்கிற வித்தையா, பரிசு கொடுத்து வளர்க்க? அவனாக உங்கள் மடிக்கு வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் இருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். அது அவன் தேர்ந்தெடுத்த இடம். கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள், முதுகு உரசாது. பழைய போர்வையை மூன்று பக்கமும் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், வெளிச்சம் பளிச்சிடுவதும் அவனுக்குப் பயம்தான். மின்விசிறியை வேகமாக ஓடவிட்டால் தூரத்துச் சத்தம் கொஞ்சம் அமுங்கும். இதையெல்லாம் அன்றைக்குச் செய்யாமல் இப்போதே செய்து, தினமும் அங்கே ஏதாவது தின்னக் கொடுத்துப் பழக்குங்கள்.

நடைக்கு இருட்டுவதற்கு முன்பே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என்று இரண்டு கயிறு. பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். பயந்த நாய் எந்தப் பக்கம் ஓடும், எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது.

பதில் 2

நாங்கள் சின்ன வயதில் நாய்க் காதில் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றித் துணி கட்டிவிடுவோம். பேசாமல் படுத்துக்கொள்ளும். இல்லையென்றால் நாம் போடுகிற தூக்க மாத்திரையில் கால் பங்கு. ஒரு ராத்திரிதானே, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

பதில் 3

பதினோரு வருடமாகக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் அளவு எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் மேலே ஐயா சொன்னதை அப்படியே விட முடியவில்லை.

நாயின் காதுக் குழாய் நம்முடையதைப் போல நேராக உள்ளே போவதில்லை. 'ட' எழுத்து மாதிரி கீழே இறங்கி, அப்புறம் உள்ளே திரும்பும். பஞ்சு வைத்த நாய் தலையை உதறினால் ஒன்று வெளியே விழும், இல்லை அந்த வளைவில் போய் உட்காரும். எடுப்பதற்கு எங்களிடம்தான் வரவேண்டும். மனிதர்களுடைய தூக்க மாத்திரையைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று கண்ணால் அளந்து கொடுப்பது விஷப் பரீட்சை. சில மருந்து சில நாய்க்குத் தூக்கத்துக்குப் பதிலாக வெறியைக் கொடுக்கும்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. மணி இருக்கிற நிலைக்கு மருந்து தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த மருந்து என்பது முக்கியம். முன்பெல்லாம் ஏசிப்ரோமசின் கொடுத்து அனுப்புவார்கள். நாய் அசையாமல் கிடக்கும், வீட்டாருக்கு நிம்மதி. உடம்புதான் கட்டுண்டு கிடக்கிறது, உள்ளே பயம் அப்படியே இருக்கிறது. அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் என்று கூழ் மாதிரி ஒரு மருந்து. ஐரோப்பாவில் 2015-இல் நாய்களின் சத்தப் பயத்துக்கென்றே அனுமதி பெற்றது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தடவ வேண்டும். விழுங்கிவிட்டால் சரியாக வேலை செய்யாது. தடவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். இமெபிடோயின் என்று இன்னொன்று, அதை இரண்டு நாள் முன்பே தொடங்க வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு எதையாவதும் சொல்லலாம். எதுவானாலும் அமைதியான ஒரு நாளில் ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பட்டாசு நாளன்று முதல் சோதனை வேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி ரீமர் 2020-இல் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டார். 1,225 நாய் வளர்ப்போரிடம் எது உதவியது என்று கேட்டது. வெடித்த உடனே தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பலன் இருந்தது என்றார்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. உடம்பை இறுக்கிப் பிடிக்கிற சட்டைக்கு 44. மூலிகை, வாசனைத் திரவம் வகையறாவெல்லாம் 27 முதல் 35 வரைதான். எது எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்று இதிலேயே தெரிகிறது.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயது வரை இடிக்கே அசையாத நாய் திடீரென்று ஏன் மாறுகிறது? நீங்கள் சொன்ன அந்த நாலு படிதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சத்தப் பயம் உள்ள 20 நாய்களின் குறிப்புகளை ஒப்பிட்டு 2018-இல் எழுதினார்கள். உடம்பில் வலி இருந்த நாய்களுக்கு இந்தப் பயம் மற்றவற்றைவிடச் சராசரியாகக் கிட்டத்தட்ட நாலு வருடம் தாமதமாக வந்திருந்தது. காரணமாக அவர்கள் சொல்வது: சத்தத்துக்குத் திடுக்கிடும்போது தசை இறுகும், ஏற்கெனவே நோகிற மூட்டில் அது சுள்ளென்று வலிக்கும். நாய்க்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் வந்தது, வலித்தது. அவ்வளவே.

மணி காலையில் எழும்போது எப்படி எழுகிறான்? படி ஏறும்போது கால்களை எப்படி வைக்கிறான்? முன்பு ஏறிய சோபாவில் இப்போதும் ஏறுகிறானா? இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்டவர்

இரண்டு நாள் பார்த்தேன். இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்றுதான் இருக்கிறது.

படி ஏறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவுகிறான். அதைக் குறும்பு என்று நினைத்து நான் வீடியோ கூட எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி விறைத்த நடை, அப்புறம் சரியாகிவிடுகிறது. சோபாவில் ஏறி எத்தனை மாதம் ஆயிற்று என்று யாருக்குமே நினைவில்லை. "வளர்ந்துவிட்டான், புத்தி வந்துவிட்டது" என்று பேசிக்கொண்டோம்.

அப்பாவிடம் சொன்னேன். பதிலே பேசவில்லை. அவருக்கும் முழங்கால் வலி, காலையில் முதல் பத்து அடி அவரும் அப்படித்தான் நடக்கிறார். சாயங்காலம் பார்த்தால் எங்கிருந்தோ எட்டுச் செங்கல் கொண்டுவந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தார். மொட்டை மாடிப் பேச்சு நின்றுவிட்டது. வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறோம்.

பதில் 4

மருத்துவரைப் பார்த்தபின் தொடங்குவதற்காக ஒன்று. முதலில் வலி அடங்கட்டும், பயிற்சி அப்புறம்.

பதிவு செய்த வெடிச் சத்தத்தை மெதுவாக ஒலிக்கவிட்டுப் பழக்கும் முறையை நான் என் பெண் நாயிடம் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை கெடுத்தேன், இரண்டாம் தடவை தேறியது. கெடுத்தது எப்படியென்றால், சத்தம் போடுவதற்கு முன்பே கையில் ஈரல் துண்டை எடுத்துவிடுவேன். நாலே நாளில் அவள் ஈரலைப் பார்த்தாலே நடுங்கினாள். ஈரல் வந்தால் வெடி வரும் என்று புரிந்துகொண்டுவிட்டாள், பாவம். வரிசை மாறக்கூடாது. முதலில் சத்தம், ஒரு நொடி, பிறகு துண்டு. கை அதுவரை சும்மா இருக்க வேண்டும்.

நமக்கே கேட்குமா கேட்காதா என்ற அளவில் தொடங்குங்கள். நமக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை. மெல்லிய சத்தமும் நம்மைவிடத் தூரத்திலிருந்தே கேட்கும். காது மட்டும் திரும்பினால் சரி. தின்பதை நிறுத்தினாலோ, உதட்டை நக்கினாலோ, தேவையில்லாமல் கொட்டாவி விட்டாலோ சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். கைபேசி ஒலிபெருக்கியில் வெடியின் அடி அதிர்வு வராது, கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கி நல்லது. அதிலும் அசல் மாதிரி இருக்காது. தரை அதிர்வதையும் வெடிமருந்து வாசனையையும் எந்தப் பதிவும் தராது.

ஐந்து வாரத்தில் இது முடியாது. இந்த வருடத்துக்கு இடமும் மருந்தும், அடுத்த வருடத்துக்குப் பயிற்சி. பட்டாசு நாளன்று ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு போட்டுக்கொண்டே இருங்கள். தின்றால் நல்லது, தின்னாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

குக்கர் விசிலிலிருந்து தொடங்குவதுதான் எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போது அடிக்கும் என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது.

பதில் 2

பஞ்சு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் நாய் "பேசாமல் படுத்ததை" நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

கேட்டவர் (ஏழு வாரம் கழித்து)

இவ்வளவு தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம், இடது பக்கம் அதிகம். விழுந்ததால் வந்ததல்ல, முன்பே இருந்திருக்கும், விழுந்தது அதைக் கிளறிவிட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். வலிக்கு மருந்து, இரண்டு கிலோ எடை குறைக்க வேண்டும், வழுக்கும் தரையில் பாய் போட வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே காலை விறைப்பு பாதியாகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் குக்கர் பயிற்சி. முதலில் கதவை மூடிக்கொண்டு சமையல், மணி கடைசி அறையில், ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு துண்டு. இப்போது விசில் அடித்தால் சமையலறை வாசலில் வந்து நிற்கிறான். சாதம் வைக்கும் நாளில் மூன்று துண்டு, பருப்பு வைத்தால் ஐந்து.

பட்டாசு நாள் அப்படியொன்றும் அற்புதமாகப் போகவில்லை. மருந்து கொடுத்திருந்தோம், ஒரு வாரம் முன்பே ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருந்தோம். முதல் பெரிய வெடிக்குக் கட்டிலடிக்கு ஓடினான், நடுங்கினான். ஆனால் எச்சில் ஒழுகவில்லை. அப்பா தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, வெடிக்கு ஒன்று வெடிக்கு ஒன்று என்று ஈரல் துண்டை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார். முதல் ஏழெட்டைத் தொடவில்லை. அப்புறம் ஒன்றைத் தின்றான். நாற்பது நிமிடத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டி அப்பாவின் தொடையில் வைத்துக்கொண்டான். கடைசிவரை முழுசாக வெளியே வரவில்லை. இரண்டு மணி நேரம் எங்கே, நாற்பது நிமிடம் எங்கே.

வெடிச் சத்தப் பதிவை அடுத்த வாரம் தொடங்குகிறோம். கட்டிலைப் பழையபடி இறக்கிவிடலாமா என்று நேற்று கேட்டேன். வேண்டாம் என்கிறார் அப்பா. காலையில் எழுந்திருக்க அவருக்கும் அந்த உயரம்தான் வசதியாக இருக்கிறதாம்.